பரிசோதனைக்கு முந்தின வாரம்

மார்ச் 4

பிரஷர் 150, 96. தினமும் எழுதி வையுங்கள் என்று பஸ் டிப்போ ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். எண்ணை மட்டும் எழுதினால் பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது. அதனால் இதையும் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் சிரிக்கிறவர் போய்விட்டார்.

மார்ச் 5

தூக்கம் இல்லை.

மார்ச் 9

எதற்கு இரண்டு எண் என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன்.

"மேல இருக்கறது இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது. கீழ இருக்கறது அது ஓய்வா இருக்கும்போது. உங்களுக்கு ஓய்வுலயும் இறங்க மாட்டேங்குது."

"பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்" என்றேன். சிரித்தார். பிறகு, டிரைவராக இருந்த என் வீட்டுக்காரரின் பழைய சீட்டுகளைப் புரட்டினார். "உங்க வீட்டுக்காரருக்கு வருஷா வருஷம் 126, 80. சுகரும் சரியா இருந்திருக்கு. அப்புறம் எப்படி மூளை நரம்பு வெடிச்சுது? எனக்கே புரியலம்மா."

எனக்குப் புரியும். என் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10

எழுதினால்தான் நெஞ்சு ஆறும்.

வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் உடம்புப் பரிசோதனைக்கு முந்தின வாரம் டிப்போவில் எல்லா டிரைவர்களும் வாயைக் கட்டுவார்கள். அரை வயிறு சோறு, சர்க்கரை இல்லாத டீ. ரிட்டையர் ஆன யாரிடமாவது பிரஷர் மாத்திரை வாங்கி, பங்கு போட்டு, அந்த ஒரு வாரம் விழுங்குவார்கள். பரீட்சை என்று அதற்குப் பெயர். 'பாஸ்' ஆன அன்றைக்கு இவர் இனிப்புப் பொட்டலத்தோடு வருவார். மறுநாளிலிருந்து மாத்திரை கிடையாது.

கடைசி நாள் பஸ்ஸை ஓரம் கட்டி, பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். ஏறியிருந்த ஒருவருக்கும் கீறல் இல்லை. எனக்குத்தான் —

மார்ச் 16

கொழுந்தன் வந்தான். இவர் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்ட அதே டிப்போவில்தான் அவனும் பஸ் ஓட்டுகிறான். டீயை நீட்டினேன்.

"சர்க்கரை வேணாம் அண்ணி. அடுத்த மாசம் பரீட்சை. இப்பவே பழகிக்கறேன்."

"உங்கண்ணன் செத்து வருஷம் திரும்பல."

"அது அவரு விதி."

"என்ன விதி? மாத்திரைய வருஷம் பூரா போட்டிருந்தா இப்ப உன் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பாரு."

"மாட்டினா பஸ் கழுவ அனுப்பிடுவாங்க அண்ணி. ரெண்டு பொண்ண வச்சுக்கிட்டு நான் வாளியத் தூக்கவா? ஆஸ்பத்திரிக்குப் போயிப் போயி நீங்க அரை டாக்டராயிட்டீங்க."

சிரித்தான். அவர் சிரிப்பு அப்படியே. டம்ளரைக் கழுவப் போய் அங்கேயே நின்றுவிட்டேன்.

மார்ச் 17

ஓரகத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். "நல்லா இருக்கற மனுஷனப் பத்தி ஏன்க்கா இப்படிப் பேசறீங்க?" என்றாள். மிச்சத்தை அவள் கண் சொன்னது. தாலி அறுத்தவள் வாய்க்கு அஞ்சுகிறாள்.

மார்ச் 19

நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டேன். யாரையும் குறிப்பிடவில்லை. டிரைவர்களின் பரீட்சை வழக்கத்தை மட்டும் சொன்னேன்.

நர்ஸம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "வெறும் வயித்துல பாக்கற சுகர் அன்னைக்கு நிலவரம் மட்டுந்தான். மூணு மாசச் சர்க்கரைன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. ஒரு வாரம் பட்டினி கிடந்து அத ஏமாத்த முடியாது. டாக்டர்கிட்ட பேசறேன். முன்கூட்டிச் சொல்லாம எல்லாருக்கும் எடுத்துடலாம்."

காட்டிக் கொடுத்தேனா, காப்பாற்றினேனா? தெரியல. ஒண்ணுமே தெரியல. திரும்பும்போது ஒரு பஸ் கடந்தது. படிக்கட்டு வரைக்கும் ஜனம்.

மார்ச் 24

திடீரென்று கூப்பிட்டு எல்லோருக்கும் பார்த்துவிட்டார்கள். கொழுந்தனுக்கு 190, 112. ஓரகத்தி தெருவே கேட்க அழுகிறாள்.

மார்ச் 27

கொழுந்தனுக்கு மூன்று மாதச் சர்க்கரை பத்தைத் தாண்டிவிட்டதாம். ஆறரை தொட்டாலே நோய் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அவனிடமிருந்து பஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"நீங்கதான சொன்னது?"

"ஆமா."

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க. நல்லா இருங்க."

அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 15

148, 94.

மே 3

மாட்டினவர்கள் நிறையப் பேர். குழாயடியில் நான் போனால் விலகி நிற்கிறார்கள். மரியாதைக்கு இல்லை.

பஸ் கழுவும் இடத்தில் அவனைத் தூரத்திலிருந்து பார்த்தேன். முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டியிருந்தான். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை என்று ஆகிவிட்டது எனக்கு.

ஜூன் 12

ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான். இளைத்திருந்தான். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவன் போகவில்லை. கையில் சீட்டோடு நின்றான். பிறகு அதை என் முன்னால் நீட்டினான், முகத்தைப் பார்க்காமல்.

"இதுல கிரியேட்டினின்னு போட்டு வட்டம் போட்டிருக்காங்க. கிட்னி பாதி போச்சுங்கறாங்க. என்னன்னு சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்க."

அண்ணி என்று கூப்பிடவில்லை.

எனக்கும் தெரியாது என்றேன். சீட்டை வாங்கிக்கொண்டு நர்ஸம்மாவிடம் கேட்க உள்ளே போனேன். அவன் பின்னாலேயே வந்தான்.