ஊர் தூங்குகிற ஆட்டம்

ஆடி 5, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. மொட்டை மாடியில் போட்ட துணியில் இரண்டு பறந்துவிட்டன. அப்பாவின் வேட்டி, என் துப்பட்டா. எதிர் ஃபிளாட் பர்வீன் அக்கா எங்கிருந்தோ பிடித்துக்கொண்டுவந்து கொடுத்தார். காவிரியில் தண்ணீர் வந்தாயிற்று. பாலத்தில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. கரைக்குக் கரை பழுப்பு. பார்த்துக்கொண்டே இருந்ததில் நகர்வது ஆறா பஸ்ஸா என்று தெரியாமல் போய், அந்த நினைப்பிலேயே அரியமங்கலத்தில் இறங்க மறந்து, அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடை. பட்டறை ஆபீஸில் திட்டு.

மதியம் திவ்யா ஃபோன். சித்தி மகள். புனேவில் வேலை, அடுத்த வியாழன் ரயில். "போறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை எல்லாரும் உங்க வீட்டுல, கவிக்கா. எல்லாரும்னா எல்லாரும். எங்கம்மாவும்." ஹாஸ்டலில் ஒரு ஆட்டம் ஆடுவார்களாம். ஆளுக்கொரு அட்டை, அதில் ஒருவர் திருடன், பேசிப் பேசியே கண்டுபிடிக்க வேண்டும். நடத்துகிற வேலை எனக்காம்.

அம்மாவிடம் அவளே பேசிவிட்டாள். அம்மா மறுக்கவில்லை. "புள்ள ஊருக்குப் போவுது, வரட்டும். கூட யாரு வந்தாலும் வரட்டும்."

கூட வருகிற 'யாரு' சித்தி. அம்மாவின் ஒரே தங்கை. இருவருக்கும் பதினைந்து மாதமாகப் பேச்சில்லை.

ஆடி 6, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. இதில்கூட எழுதாவிட்டால் எங்கே எழுதுவது.

போன வருஷம் வைகாசியில் எனக்குக் கல்யாணம் என்று இருந்தது. சேலத்துக்காரர். பத்திரிகை பாதி கொடுத்தாகிவிட்டது. சித்திரைக் கடைசியில் மாப்பிள்ளையின் அக்காவுக்கு ஒரு ஃபோன் போனது. "பொண்ணுக்கு இஷ்டமில்ல, கட்டாயப்படுத்தித்தான் பண்றாங்க. நான் பொண்ணுக்குச் சித்தி முறை வேணும்." அன்று சாயங்காலமே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஃபோன் பண்ணியது நான். ஆபீஸ் லேண்ட்லைன். துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு, குரலைத் தடிப்பாக்கி.

மாப்பிள்ளை நல்லவர்தான். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். அதை அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. மண்டபத்துக்குத் தேங்காய் சொல்லப் போகிறவரிடம் எப்படிச் சொல்வது? நம் உறவில் சித்தி முறைக்கா பஞ்சம், பெரிய தாத்தா வகையிலேயே ஏழெட்டுப் பேர், எவள் என்று தேடட்டும் என்று நினைத்தேன். மண்டு. கூடப்பிறந்த சித்தி ஒருத்திதான். அந்தச் சம்பந்தம் தூரம், வேண்டாம் என்று முதலிலேயே சொன்னவளும் அவள்தான். யாரும் தேடவே இல்லை.

சித்தி சத்தியம் பண்ணினாள். அம்மா கேட்கவில்லை. தன் கண் ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவளை வராந்தாவிலேயே உட்கார வைத்தாள். நான் உள்ளே அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு சொல்லிவிட வேண்டும். சித்தியை வைத்துக்கொண்டே.

ஆடி 8, வியாழன்

அமாவாசை. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் கால் வைக்க முடியாத கூட்டம். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டேன்.

அட்டை வேலை. கெட்டி அட்டை கடையில் கிடைக்காமலில்லை. ஆனால் பரணில் அந்தப் பத்திரிகைக் கட்டு அப்படியே கிடக்கிறது. சாமி படம் போட்டது, குப்பையில் போடக்கூடாது, வைத்திருக்கவும் முடியாது. இறக்கினேன். முன்பக்கம் தொடவில்லை. எழுத்தில்லாத பின் அட்டையை மட்டும், ஸ்டீல் ஸ்கேல் வைத்து, அறுபதுக்குத் தொண்ணூறு மில்லிமீட்டர். நாள் முழுக்க டிராயிங் போடுகிறவள் இதில்கூட ஒழுங்காக இல்லாவிட்டால் எப்படி? முதல் பத்திரிகையில் ஐந்து வந்தது. ஆறாவதுக்கு இன்னொன்றை எடுத்து வெட்டினேன்.

ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது: திருடன் 1, போலீஸ் 1, ஊர்க்காரர் 4.

வெட்டும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஜன்னல் திரை காற்றில் உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

ஆடி 10, சனி

வாங்க: வாழைக்காய் 4, கடலை மாவு, ரவை, முந்திரி, டீத்தூள், பேப்பர் தட்டு.

ஆட: அப்பா, அம்மா, சித்தி, சித்தப்பா, திவ்யா, பர்வீன் அக்கா. ஆறு. நான் நடத்த.

விதி (திவ்யா சொன்னபடி):
1. "ஊரு தூங்குது" என்றதும் எல்லாரும் கண் மூட வேண்டும்.
2. திருடன் மட்டும் கண் திறந்து ஒருவரைக் காட்டுவான். அவர் வீட்டில் திருட்டு, அவர் அந்தச் சுற்றில் பேசக்கூடாது.
3. போலீஸ் கண் திறந்து ஒருவரைக் காட்டலாம். அவர் திருடனா இல்லையா என்று நான் தலையாட்டுவேன்.
4. விடிந்ததும் நேருக்கு நேர் கேள்வி. யாரைப் பற்றியும் இன்னொருவரிடம் சொல்லக்கூடாது, அவரையே கேட்க வேண்டும். பிறகு ஓட்டு.
5. நடத்துகிறவர் எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கக்கூடாது.

ஐந்தாவதைப் படித்ததும் திவ்யாவிடம், வேறு யாராவது நடத்தட்டுமே என்றேன். "நீங்கதான் கரெக்ட். உங்க மூஞ்சில ஒண்ணும் தெரியாது" என்கிறாள்.

ஆடி 11, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு திருவெறும்பூரிலிருந்து வந்தார்கள். சித்தி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள். இளைத்திருக்கிறாள்.

அம்மா: "திவ்யா, உங்கம்மாவ உள்ள வந்து உக்காரச் சொல்லு."

இரண்டடி தூரத்தில் நின்றபடி சித்தி: "இருக்கட்டும்னு உங்க பெரியம்மாகிட்ட சொல்லு."

திவ்யா தலையில் அடித்துக்கொண்டாள். ஹாலில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். அம்மா தன் அட்டையை வாங்கி, விரலால் தடவி, "இது என்ன அட்டை?" என்றாள். ஆபீஸில் கிடந்தது என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

"ஊரு தூங்குது. எல்லாரும் கண்ண மூடுங்க."

மூடிக்கொண்டார்கள். ஆறு முகங்களையும் அவர்கள் பார்க்காமல் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. கண்ணை மூடச் சொன்னால் அம்மாவுக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. பர்வீன் அக்காவுக்கு உள்ளங்கை மடியில் விரிந்துகொள்கிறது. சித்தியின் உதடு அம்மாவின் உதடேதான். காற்று, திரை, மஞ்சள் வெயில், எங்கோ தூரத்தில் நாயனம். எல்லாரும் கிணற்றின் அடி நீரில் இருப்பதுபோல் இருந்தது. இப்படியே விட்டுவிடலாம், யாரும் கண் திறக்க வேண்டாம், யாருக்கும் யார் மேலும் கோபமில்லை என்று தோன்றியது.

"விடியுமா விடியாதா கவி? கழுத்து வலிக்குது" என்றார் சித்தப்பா.

முதல் சுற்றில் திருடன் பர்வீன் அக்கா. "யா அல்லா, நான் துரும்பக்கூட எடுக்க மாட்டேன்" என்று ஒரே சிரிப்பு. ஓட்டு சித்திக்கு விழுந்தது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சித்தி சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பிக் காட்டினாள்: ஊர்க்காரர்.

இரண்டாம் சுற்றில் திருடன் திவ்யா. ஓட்டு மறுபடி சித்திக்கு. சித்தப்பாவே போட்டார். "நீ பேசாம இருக்கியே செல்வி, அதான் சந்தேகம்." இந்தத் தடவையும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம். அட்டைகளைச் சேர்த்து என்னிடம் கொடுக்கும்போது திருடன் அட்டையை மட்டும் மேலே வைத்தாள். மூலையில் வெளிறிய மஞ்சள். "இது நான் வெச்ச மஞ்சள்டி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அப்போதுதான் விளங்கியது. பத்திரிகை வந்த அன்று நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவ உட்கார்ந்தவள் சித்தி. பாதிக் கட்டு தடவி முடிப்பதற்குள் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது என்று மீதியை விட்டாள். என் ஆறாவது அட்டை அவள் தடவியதிலிருந்து வந்திருக்கிறது. அதில்தான் நான் திருடன் என்று எழுதியிருக்கிறேன். அளவு பார்த்த கண் நிறம் பார்க்கவில்லை. இனி யார் முன்னால் அந்த அட்டை கிடந்தாலும் சித்திக்குத் தெரியும். மாற்றி எழுத அட்டை இல்லை. "அடுத்து, அடுத்து" என்று திவ்யா அவசரப்படுத்தினாள்.

மூன்றாம் சுற்று. திருடன் அம்மா. கண்ணைத் திறந்தவள், கூப்பிய கையைப் பிரிக்கத் தோன்றாமல், அப்படியே கும்பிட்டபடி சித்தப்பாவைக் காட்டினாள். விடிந்தது. சித்தப்பா வீட்டில் திருட்டு என்றேன். அப்பாவுக்கு விடியவில்லை. நிஜமாகவே தூங்கிவிட்டார்.

நேருக்கு நேர் கேட்க வேண்டுமே. அம்மா நிமிர்ந்து சித்தியைப் பார்த்தாள். பதினைந்து மாதம் கழித்துத் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை: "நீதானே செஞ்ச?"

சித்தி, அம்மாவின் முழங்காலருகே கவிழ்ந்திருந்த அட்டையைப் பார்த்தாள். மஞ்சள் மூலை அவள் பக்கம்தான் இருந்தது. பார்த்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "சரிக்கா. நான்தான்னே வெச்சுக்க" என்றாள்.

"சித்தி இல்லம்மா" என்றேன். "ஏய், நடத்துறவங்க பேசக்கூடாது!" என்று திவ்யா கத்தினாள். "ஆட்டத்தச் சொல்லல. சேலத்துக்கு ஃபோன் பண்ணது நான். சித்தி முறைன்னு சொன்னதும் நான். சித்திக்கு எதுவுமே தெரியாது."

பர்வீன் அக்கா மெல்ல எழுந்து, "அடுப்புல பால வெச்சுட்டு வந்துட்டேன்" என்று போய்விட்டார். அம்மா அசையவே இல்லை.

சித்தி அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து நின்றாள். "உன் கல்யாணம், நீ நிறுத்திக்க. யாரு கேக்கப் போறா? என் பேர ஏன்டி எடுத்த? பதினஞ்சு மாசம்டி. ஆஸ்பத்திரில வராந்தாவுல உக்காந்திருந்தேனே, அப்பக்கூடவா உனக்கு வாய் வரல?"

வரலை சித்தி என்றேன்.

கிளம்பிவிட்டார்கள். கேசரியைத் தொடக்கூட இல்லை. ஆட்டோ சத்தத்தில் அப்பா விழித்து, "யாரு திருடன்?" என்றார்.

ஆடி 12, திங்கள்

காற்று நின்று புழுக்கம். அம்மா பேசவில்லை, திட்டவுமில்லை. சாப்பாட்டு டப்பா வழக்கம்போல் கட்டி வைத்திருந்தாள். இதைவிட நாலு அறை விட்டிருக்கலாம். அப்பாவிடம் நானே எல்லாம் சொன்னேன். வெகுநேரம் பேப்பரை மடித்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

சித்திக்கு ஏழு தடவை ஃபோன். எடுக்கவில்லை. திவ்யா மெசேஜ்: "அம்மா துணி துவைக்குது. துவைச்சதையே துவைக்குது."

ஆடி 13, செவ்வாய்

சாயங்காலம் மொட்டை மாடி. அம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மலைக்கோட்டை புகை மூட்டத்தில் மிதக்கிற மாதிரி. நான் கிளிப்புகளை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பாமலே ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும்."

என்ன தெரியும்?

"அந்தச் சேலத்து மாப்பிள்ளையோட அக்கா ஃபோன்ல எல்லாம் ரெக்கார்டு ஆவுமாம். அந்த வாரமே எனக்குப் போட்டுக் காட்டுனா. துணிய வாயில வெச்சா, பெத்தவளுக்குக் குரல் தெரியாதா?"

தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரமே. பதினைந்து மாதமும். ஆஸ்பத்திரியிலும்.

"அப்பறம் ஏம்மா சித்திய..."

"யாராவது ஒருத்தர் மேல போட்டாத்தான் ஊரு வாய் அடங்கும். உன் மேல போட்டா உனக்கு இனிமே யாரு வருவா? உன்கூடப் பேசாம என்னால ஒரு நாள் இருக்க முடியுமா? அவ தங்கச்சி. எத்தன வருசம் பேசாட்டியும் தங்கச்சிதான், எங்க போயிடப் போறான்னு நெனச்சேன்." வேட்டியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அன்னைக்கு நான்தான்னே வெச்சுக்கன்னா பாரு. அதுலேருந்து சோறு எறங்கல கவி."

கோபம் வந்தது. அம்மா மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை. கூடவே அவள் மடியில் தலை வைத்துப் படுக்கவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

ஆடி 14, புதன்

விடியலில் சின்னத் தூறல். அம்மா ஆறு மணிக்கே குளித்து, தலை ஈரத்தோடு கிளம்பி நின்றாள். திருவெறும்பூருக்கு. தனியாக ஸ்ரீரங்கத்தைத் தாண்டியதே இல்லை. நானும் வருகிறேன் என்றேன். "நீ சொல்ல வேண்டியத நீ சொல்லிட்ட. நான் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கு. நீ நாளைக்கு வா." பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட். கையசைக்கவில்லை.

ஆபீஸ். ஒரு கோடுகூட நேராக வரவில்லை. பதினொன்று, ஃபோன் இல்லை. ஒன்று, இல்லை. திவ்யாவுக்குப் போட்டால் "ரூம் கதவ சாத்திக்கிட்டாங்க. நானும் அப்பாவும் வெளிய நிக்கிறோம்" என்கிறாள். கத்துகிறார்களா? "மொதல்ல கத்துனாங்க. இப்ப சத்தமே இல்ல."

நான்கு மணி. சித்தியின் நம்பர். எடுத்தேன். அவளேதான் பேசினாள். மூக்கடைத்த குரல்.

"உங்கம்மா எல்லாம் சொல்லிட்டா. உன்ன விட அவ மேலதான்டி எனக்குக் கோவம். தீரல. லேசுல தீராது." பின்னால் குழாய்ச் சத்தம், பாத்திரச் சத்தம். பிறகு, "ராத்திரி இங்கதான் இருக்கா. மாத்துப் புடவ கூட இல்லாம வந்து நிக்கிறா. ஒண்ணு எடுத்துட்டு வா."