வண்டி ஏழு பச்சை காட்டுகிறது

நாள் 1, 06:10
நான் வண்டி ஏழின் ஸ்டியரிங் கட்டுப்பாட்டுப் பெட்டி. நிலவில், பள்ளத்தின் அடியில் இருக்கும் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்து இது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுநர் சவரிமுத்து. ஸ்டியரிங்கைத் திருப்பியும் சக்கரம் திரும்பாத வெற்று ஆட்டம்: 2 டிகிரி. வரம்பு 3. வரம்புக்குள் இருந்தால் பச்சை விளக்கு, மீறினால் சிவப்பு. எனக்கு இருக்கும் வாய் அது ஒன்றுதான். இன்று பச்சை.

நாள் 6, 06:12
ஆட்டம் 4. பல்சக்கரத்தை நிலவுத் தூசி தின்கிறது. சிவப்பு காட்டினேன். பணிமனை மேலாளர் கஜபதி பல்சக்கரத்தை மாற்றவில்லை. வரம்பை 6 ஆக்கினார். விளக்கு பச்சையாகிவிட்டது. காய்ச்சல்காரனை விட்டுவிட்டு வெப்பமானிக்கு வைத்தியம் பார்க்கிற ஜென்மங்கள்!

நாள் 9, 14:30
ஆட்டம் 5.5. இங்கே எடை ஆறில் ஒரு பங்கு, சக்கரத்தின் பிடிப்பும் அவ்வளவுதான். ஆனால் பாய்கிற வண்டியின் உந்துதல் மட்டும் துளியும் குறையாது. சவரிமுத்து ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வண்டி நீளம் முன்னதாகவே திருப்புகிறார். பழுதைத் தன் கையாலேயே சரிக்கட்டுகிறார். அதனால் அது வெளியே தெரியவில்லை.

சவரிமுத்து, வானொலியில்: "சார், ஸ்டியரிங் ரொம்ப ஆடுது. நான் பழக்கத்துல ஓட்டிட்டு இருக்கம்லா. வேற ஆளு ஏறுனா செத்தான்."

கஜபதி: "வண்டி நேரத்துக்குப் போய் வருதுல்ல? விளக்கு பச்சைதானே? அப்புறம் என்னய்யா?"

எனக்கு வயிறு இல்லை. இருந்தால் எரிந்திருக்கும்.

நாள் 12, 09:40
ஆட்டம் 8. காலையிலேயே கஜபதி வரம்பை 9 ஆக்கிவிட்டார். சவரிமுத்து விடுப்பு. பதிலுக்குப் பூங்கோதை, இந்த வண்டிக்குப் புதியவர். பயணிகள் 31. கிளம்பும் முன் விளக்கைப் பார்த்தார். இறங்கிச் சக்கரங்களைச் சுற்றி வந்து, மறுபடியும் பார்த்தார். ஒழுங்கான ஓட்டுநர். நான் பச்சை காட்டினேன். காட்ட வைத்தார்கள், பாவிகள்.

நாள் 12, 10:09
மூன்றாம் வளைவு.

பூங்கோதை: "சார், ஸ்டியரிங் லூசா இருக்குதுங்களே?"

கஜபதி: "பச்சை எரியுதுல்ல? பயப்படாம போம்மா."

நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல இவருக்கு மனசு வரவில்லை.

நாள் 12, 10:17
ஐந்தாம் வளைவு. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இடத்தில் சரியாகத் திருப்பினார். கேட்டது 30. திரும்பியது 22.

நாள் 12, 10:19
வண்டி கவிழ்ந்து கிடக்கிறது. காற்று கசிகிறது. உள்ளே 32 பேரின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது 19.

நாள் 12, 10:24
கஜபதி பணிமனையில் இருந்தபடியே வரம்பை மறுபடியும் 3 ஆக்கினார். மாற்றிய தேதிகளையும் அழித்தார். விளக்கு சிவப்பாகிவிட்டது.

கஜபதி, மீட்புக் குழுவிடம்: "சிவப்பைப் பார்த்தும் அந்தப் பொண்ணு வண்டிய எடுத்துருக்கு. நாம என்ன பண்றது?"

நாள் 12, 10:26
பூங்கோதை: "பச்சையாத்தானுங்க இருந்துச்சு. ரெண்டு தடவ பாத்தனுங்க. சார்... கேக்குதுங்களா?"

மூச்சு 11.

நாள் 12, 10:31
மின்சாரம் தீர்கிறது. இதைக் கண்டெடுப்பவருக்கு: அவர் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். பொய் சொன்னது நான். சொல்ல வைத்தவன் பெயர் கஜ