சறுக்குப் பலகையும் என் நாத்தனாரும்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மார்பு எக்ஸ்ரேதான். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சு வாங்கியது. சாப்பாட்டு இடைவேளையில் பிசியோ என்னை மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிசியோதெரபி பிரிவில் இருப்பவள். பெயரை நானே மறந்துவிட்டேன், எல்லோருக்கும் அவள் பிசியோதான்.

அவளிடம் ஒரு சர்ஃப்ஸ்கேட் இருக்கிறது. பார்க்க சாதாரண ஸ்கேட்போர்டு மாதிரிதான். ஆனால் முன்சக்கரங்கள் மட்டும் இரண்டு பக்கமும் வளைந்து திரும்பும். தரையை உதைக்கவே வேண்டாம். முட்டியை மடக்கி, தோளையும் இடுப்பையும் மாற்றி மாற்றித் திருப்பினால் பலகை பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து ஓடுகிறது.

"ஏறிப் பாருங்கக்கா."

"இந்த வயசுல கை காலு ஒடிஞ்சா எனக்கு யாரு எக்ஸ்ரே எடுக்கிறது?"

"நீங்களே எடுத்துக்குங்க. இன்னொரு கை சும்மாதானே இருக்கும்?"

ஏறினேன். விழுந்தேன். எழுந்து மறுபடி ஏறினேன். கடைசியில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை, யாரும் பிடிக்காமல், நானாகப் போனேன்.

சாயங்காலம் வரை சிரித்த முகமாக இருந்தேன் போலிருக்கிறது. ஒரு நோயாளி, "ரிப்போர்ட் நல்லா வந்திருக்காம்மா?" என்று கேட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டேன். கூடத்தில் பிரித்தபோது என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"எனக்கு."

சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. "விழுந்து படுத்துக்கிட்டா சமையல் யாரு பண்றது? அதையும் யோசிச்சு வாங்கினியா?"

குட்டியும் சிரித்தாள். குட்டி என் நாத்தனார். மாமியாரும் மாமனாரும் அடுத்தடுத்துப் போனபோது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை, அவள்தான் குழந்தை. நான் பின்னிவிட்ட சடையோடு பள்ளிக்கூடம் போனவள், இப்போது தன் அறையிலேயே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். இன்னும் குட்டிதான்.

அவர் சிரித்ததுகூட வலிக்கவில்லை. அவர் பழக்கம் அது. ஆனால் அவள் சிரிப்பதற்கு முன்னால் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்திருக்க வேண்டாம் நான்.

மார்ச் 14, சனி

குடோன் தெருவில் லாரி வராத நாள். தெரு முனை லேசாகச் சரிகிறது, தார் புதிது. திருப்பம் வருகிறது! குதிகாலை அழுத்தினால் ஒரு பக்கம், விரல் நுனியை அழுத்தினால் மறு பக்கம். வேகம் கூடும்போது பயந்து பின்னால் சாய்கிறேன், பலகை காலடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு உண்மையிலேயே கூடம் கோணல்தான்.

குட்டி வேடிக்கை பார்க்க வந்தாள். "அண்ணி, ஒரே ஒரு தடவை" என்றாள். கொடுத்தேன்.

விழவே இல்லை. ஒரு தடவைகூட.

மார்ச் 22, ஞாயிறு

இன்று அவரும் வந்தார். ஆமாம், அவர்! இரண்டு வாரமாக எங்கே போகிறேன் என்றுகூடக் கேட்காதவர், தங்கைக்காகத் தண்ணீர் பாட்டிலும் துண்டும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். செல்போனில் படம் எடுத்தார். "சூப்பர்டா குட்டி! இன்னும் குனி! அப்படித்தான்!"

குனிவது எதற்கென்று அவருக்குத் தெரியுமா?

என் முறை வந்தபோது போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வெயில் ஏறுது, கிளம்பலாமா?" என்றார். கிளம்பினோம். என் பலகையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

பொறாமையா எனக்கு? நான் தூக்கி வளர்த்தவள் மேலயா? ஆமா. பொறாமைதான். எழுதியாச்சு.

மார்ச் 29, ஞாயிறு

பிசியோ வந்து எங்கள் இருவருக்கும் சறுக்கல் சொல்லிக்கொடுத்தாள். சரிவில் வேகமாக வந்து, நன்றாக உட்கார்ந்து, உள்பக்கக் கையைத் தரையில் ஊன்றி, பின்காலால் பலகையைத் தள்ள வேண்டும். பின்சக்கரங்கள் பிடிப்பை விட்டுத் தாரில் வழுக்கிக்கொண்டு அரைவட்டம் போடும். பலகை வந்த திசைக்கே திரும்பி நிற்கும். அவள் செய்தால் தண்ணீரில் துடுப்பு போட்ட மாதிரி இருக்கிறது. நான் செய்தால் மூட்டை விழுந்த மாதிரி இருக்கிறது.

"பலகை மேலேயே உக்காந்துக்கிட்டு அதை நகரு நகருன்னா எப்படிக்கா நகரும்? ஒரு நொடி உங்க கனத்தை அதுமேல இருந்து எடுங்க" என்றாள்.

எடுக்க முடியவில்லை. பயம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கத்தான் மாட்டேன் என்கிறது.

கையை ஊன்றுவதற்கென்று கையுறை இருக்கிறது, உள்ளங்கையில் கெட்டி பிளாஸ்டிக் வில்லை ஒட்டியது. அது இல்லாமல் ஊன்றினால் கை தாரில் மாட்டிக்கொள்ளும், உடம்பு முன்னால் போகும், மணிக்கட்டு போய்விடும். அப்படிப்பட்ட மணிக்கட்டுகளை நான் நிறையப் பார்த்தவள். இரண்டு ஜோடி வாங்கியிருந்தேன். குட்டி போட்டுப் பார்த்துவிட்டு, "ஐயே, கரடி கை மாதிரி இருக்கு அண்ணி. வீடியோல அசிங்கமா தெரியும்" என்று கழற்றினாள்.

"கையுறை போடாம சறுக்கக் கூடாது. சொல்லிட்டேன்" என்றேன். பிசியோவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஏப்ரல் 4, சனி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

எனக்கு டியூட்டி. அண்ணனும் தங்கையும் பலகையை எடுத்துக்கொண்டு குடோன் தெருவுக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். சக்கர நாற்காலியில் குட்டி. வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, அழுதுகொண்டு.

விதிப்படி எல்லாம் செய்தேன். எந்தப் பெண்ணாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி, கர்ப்பமா என்பது. அதையும் கேட்டேன். ஈய ஏப்ரனைக் கட்டினேன். "அசையாதே" என்றேன். தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் படம் வந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தடித்த எலும்பில், குறுக்கே, தெளிவான கோடு.

அந்த ஒரு கணம். யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே சொல்கிறேன். எனக்கு இனித்தது. நாக்கில் சர்க்கரை வைத்த மாதிரி இனித்தது. அடுத்த கணம் திரையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அண்ணி, முறிஞ்சிருக்கா?"

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். "டாக்டர் சொல்லுவாரு" என்றேன், முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல.

வெளியே வந்தால், நீள நடைபாதையில் அத்தனை பேர் நடுவில் அவர் நிற்கிறார்.

"கையுறை வேண்டாம்னு நீதானே அவகிட்ட சொன்னே?"

"நானா?"

"இப்பத்தான் சொன்னா. 'அண்ணிதான் தேவையில்லன்னாங்க'ன்னு. உனக்கு வயித்தெரிச்சல். அவ உன்னைவிட நல்லா ஓட்டுறான்னு வயித்தெரிச்சல். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் சொன்னதில் பாதி பொய். மீதிப் பாதி? அதைச் சற்று முன்தான் திரையில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். உண்மையான பாதி உள்ளே உட்கார்ந்திருக்கும்போது பொய்யான பாதியை எப்படி மறுப்பது?

குட்டி கதவோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 6, திங்கள்

வேலை முடிந்து வந்தால் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் பலகை இல்லை. கையுறை இரண்டு ஜோடியும் இல்லை.

"எங்க?"

"பழைய சாமான்காரன்கிட்ட போட்டாச்சு. வீட்டைப் பிடிச்ச சனி ஒழிஞ்சுது."

அவ்வளவுதான் பேச்சு. டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சமைச்சேன். பரிமாறினேன். எனக்குப் பசிக்கல. ஏன் சாப்பிடலைன்னு யாரும் கேட்கல.

ஏப்ரல் 19, ஞாயிறு

கட்டுப்போட்ட கையால் தலை வார முடியாது. காலையில் குட்டி சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள், சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரியே. சிக்கெடுத்தேன். பின்னிவிட்டேன். ஒரு வார்த்தை சொல்வாள் என்று மெதுவாகத்தான் பின்னினேன்.

"டைட்டா போடுங்க அண்ணி, அவுந்துடுது" என்றாள்.

வளர்த்த கடா மார்பில் பாயும் என்பது தெரிந்த கதை. பாய்ந்துவிட்டு வந்து சீப்பை நீட்டுவதை எந்தப் பழமொழியிலும் நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

பிசியோ நடந்ததைக் கேட்டுக் கொதித்தாள். "நான் வந்து உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன். நான்தான் சாட்சி." வேண்டாம் என்றேன். சாட்சி வைத்து நிரூபித்தால்தான் நம்புவார் என்றால், இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் யார்?

மே 16, சனி

குட்டிக்குக் கட்டுப் பிரித்தார்கள். எலும்பு கூடியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி என்னிடமே வந்தாள். அவர் வெளியே இருந்தார். கனத்த கதவைச் சாத்தினால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. கேட்டுவிட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

முதலில் புரியாத மாதிரி பார்த்தாள். பிறகு அழுகை வந்தது. "அண்ணன் என்னைத் திட்டுவாருன்னு பயந்துட்டேன். வாயில வந்துடுச்சு."

"என்னைத் திட்டுவாருன்னு தெரியாதா?"

"தெரியும்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நீங்க தாங்கிக்குவீங்க அண்ணி."

கெட்ட எண்ணமே இல்லாமல் சொன்னாள். அதுதான்... அதுதான் தாங்கல. குறை சொல்லலை, ஏளனம் பண்ணலை. வீட்டுத் தூணைப் பத்திப் பேசற மாதிரி, சாதாரணமா சொன்னா.

"கையை நேரா வை. அசையாதே" என்றேன்.

எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. இந்தமுறை எனக்கு எதுவும் இனிக்கவில்லை, கசக்கவும் இல்லை.

மே 17, ஞாயிறு

சாப்பிடும்போது அவளாகவே சொல்லிவிட்டாள். "அண்ணா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். அண்ணி கையுறை போடச் சொன்னாங்க. நான்தான் போடலை."

என் கையில் கரண்டி. அப்படியே நின்றேன். பள்ளிக்கூடத்தில் ரிசல்ட்டுக்கு நின்ற மாதிரி. என்ன எதிர்பார்த்தேன்? மன்னிப்புக்கூட இல்லை. 'அடடா' என்று ஒரு சொல். அது போதுமாயிருந்தது.

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "சரி விடு. சின்னப் பொண்ணு, பயத்துல சொல்லிட்டா." அப்புறம் என்னைப் பார்த்து, "அதான் சொல்லிட்டாளே. இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிற? தண்ணி எடு."

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். உண்மை தெரியாததால்தான் இப்படி இருக்கிறார் என்று ஆறு வாரமாக என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்தும் இவ்வளவுதான்.

மே 21, வியாழன்

எங்கள் மருத்துவமனை வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறது. எக்ஸ்ரேவுக்கு அனுபவம் உள்ள ஆள் வேண்டுமாம், தங்க அறையும் தருகிறார்களாம். மாத ஆரம்பத்திலிருந்தே சுற்றறிக்கை சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. இன்றுதான் நின்று படித்தேன். உள்ளே போய் மேலாளரிடம் என் பெயரைச் சொன்னேன்.

"வீட்ல கேட்டுட்டு வாங்கம்மா, அவசரமில்ல."

"கேக்க வேண்டியதில்லை சார்."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

மே 31, ஞாயிறு

வீட்டில் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. "எத்தனை நாளைக்கு?" என்றார். பிறகு, "அப்ப இங்க யாரு பாத்துக்கிறது?" குட்டி அழுதாள். "என்னாலதானே அண்ணி?" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றும் சொல்லியிருக்கலாம். பெட்டியை மேலிருந்து இறக்க அவளைப் பிடிக்கச் சொன்னேன். கூடின கையை அழுத்தாமல் பிடித்தாள்.

பிசியோ தன் பழைய பலகையையும் கையுறையையும் கொடுத்து அனுப்பினாள். "சக்கரம் தேஞ்சிருக்கு. சறுக்கறதுக்கு அதான் நல்லது" என்றாள்.

ஜூன் 20, சனி

அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரியின் சலவைத் துணிகள் காய்கின்றன. குட்டி தினமும் செய்தி அனுப்புகிறாள். கைக்கு என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று கேட்டால் மட்டும் பதில் போடுகிறேன். மற்றதற்கு இன்னும் விரல் போகவில்லை. போகும்போது போகட்டும்.

ஜூலை 5, ஞாயிறு

புதுக் கட்டிடத்துக் கார் நிறுத்துமிடம் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். இரண்டாம் தளத்திலிருந்து இறங்கும் சரிவில் காலையிலிருந்து விழுந்துகொண்டிருந்தேன். முழங்கை உரிந்தது, தொடை கன்றியது. பிறகு ஒருமுறை வேகமாக இறங்கி, உட்கார்ந்து, கையுறையைத் தரையில் ஊன்றியபோது, எப்படி என்று தெரியவில்லை, கால் தானாக லேசாகிவிட்டது. பின்சக்கரங்கள் கரகரவென்று தரையைச் சுரண்டிக்கொண்டு வெளியே போயின. எல்லாம் சுழன்று நின்றது. நான் பலகை மேலேயே இருந்தேன், மேட்டைப் பார்த்தபடி.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. ஒரு ஆள்கூட இல்லை. இரண்டு நிமிஷம் ஓவென்று அழுதேன். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். கைதட்ட ஒரு ஆள் வேண்டும் என்று இத்தனை வருஷம் யாரை யாரையோ பார்த்துக்கொண்டிருந்தேனே, அதற்கு.

மதியம் அவர் போன் செய்தார்.

"இந்த வாஷிங் மெஷின்ல எந்தப் பட்டனை அமுக்கணும்?"

"இடது பக்கம், பெரிசு. அதுக்கு முன்னாடி மூடியை நல்லா அழுத்துங்க."

"ஆங். ஓடுது." பின்னால் மெஷின் உறுமியது. "சரி, வச்சிடறேன்."

எப்போது வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.