நங்கூரமும் பொனவெந்தூரும்

பெப்ரவரி 10, சனி

மழை விட்டுது. நாலு நாளாக் கொடியில கிடந்த உடுப்பு இண்டைக்குத்தான் காஞ்சுது.

எனக்கு இருபத்தேழு வயசு. ஸ்கொலஸ்திக்கா எண்ட புனிதையின்ர திருநாளில பிறந்ததுக்குத் தண்டனை இந்தப் பேர். அப்பா கலண்டரைப் பாத்து வைச்சவர். ஒரு நாள் பிந்திப் பிறந்திருந்தால் லூர்து எண்டு வைச்சிருப்பார். பொறுக்கத் தெரியேல்ல எனக்கு. வீட்டில திக்கா. துறைமுகக் கந்தோரில ரெலிபோன் எடுக்கிறவைக்கு வெறும் "மிஸ்". அதுக்கு மேல ஏலாதாம்.

செய்ய: தைக்கக் குடுத்த சட்டை எடுக்க. சீனி தேட. நங்.குக்குத் தலைமயிர் வெட்டச் சொல்ல.

(நங். = நங்கூரம். கப்பல் இழுக்கிற ரக் போட்டில வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கயிறு கட்டாமலே நங்கூரத்தைத் தூக்கிக் கடலில எறிஞ்ச மனிசன். அது இண்டைக்கும் அடியில கிடக்கு. ஞானஸ்நானப் பேர் பொனவெந்தூர். மூதூரில தாய்க்கு அவர் பொனா. நங்கூரம் எண்டு கூப்பிட்டால் முகம் கறுத்துப் போகும். நான் முகத்துக்கு முன்னால ஒருநாளும் சொன்னதில்லை. இந்தக் கொப்பியில மட்டும். எழுதச் சின்னப் பேர்.)

பெப்ரவரி 11, ஞாயிறு

கோயிலில எங்கட கலியாணத்துக்கு முதலாம் அறிவித்தல் வாசிச்சாச்சு. வாசிச்சவர் யாழ்ப்பாணத்தில இருந்து போன மாசம் வந்த புதுப் பங்குச் சுவாமி. நல்ல குரல். "மூதூர் சந்தியாப்பிள்ளையின் மகன் பொனவெந்தூர்..." தடை ஏதும் தெரிஞ்சவை அறிவிக்க வேணுமாம். மூண்டு ஞாயிறு வாசிக்கவேணும், மார்ச் 5 திங்கள் கலியாணம். 7 விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கினால் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒரு கலியாணமும் ஏலாது. அவருக்கோ 15ஆம் திகதி காலித் துறைமுகத்துக்கு மாற்றம், ஆறு மாசம்.

ரெண்டு வருசம் கெஞ்சித்தான் அப்பா ஓம் எண்டவர். இண்டைக்குச் சாப்பாட்டில சொல்றார்: "5ஆம் திகதி நடக்காட்டி நான் வேற இடம் பாப்பன்." பகிடிக்கெண்டு அம்மா சொல்றா. அப்பா பகிடி விடுற ஆள் இல்லை.

கோயில் வாசலில ஒருத்தி: "ஆர் பிள்ளை அந்தப் பொனவெந்தூர்? வெளிநாடோ?"

பெப்ரவரி 13, செவ்வாய்

கொழும்பில இருந்து கோல். "பொனவெந்தூர் எண்டவரின்ர மாற்றக் கடிதம் கிடைச்சதோ?" ரக் போட் நிக்கிற யாட்டுக்குக் கோலைக் குடுத்தன். "அப்பிடி ஒரு ஆள் இஞ்ச இல்லை, மிஸ்." நங்கூரம் எண்டன், மெதுவா. மூண்டு பேர் ஓடிப்போய்க் கூட்டி வந்தினம்.

யாட்டில உள்ள மற்றப் பட்டப்பேர்கள்:
போர்மன் – நாளைக்கு.
ஸ்டோர் கிளாக் – இல்லை. (என்ன கேட்டாலும் அதுதான் பதில்.)
கிண்ணியாக் கிறேன்காரர் – ரெண்டு கரண்டி. இப்ப தேத்தண்ணிக்குச் சீனி இல்லாத காலத்திலயும் அதே பேர், பாவம்.

காலமை இடியப்பத்துக்குச் சம்பல் வரேல்ல. இடியப்ப மாமி மறந்திட்டா போல. யாட்டு வாசலில வித்துப்போட்டுத்தான் எங்கட வீட்டுக்கு வாறவ.

பெப்ரவரி 18, ஞாயிறு

ரெண்டாம் அறிவித்தல். வெயில். நங். மூதூரில, தாயோட பூசைக்கு. அங்கயும் வாசிக்கினமாம்.

இடியப்பம் இண்டைக்குக் கல்லு மாதிரி. சம்பலும் இல்லை. மாமி என்ர முகத்தைப் பாக்கேல்ல. என்ன கோவமோ தெரியாது.

பெப்ரவரி 20, செவ்வாய்

சுவாமி கூப்பிட்டு அனுப்பினவர். மேசையில ஒரு கடிதம். என்னை வாசிக்கச் சொன்னார். ஞாபகத்தில உள்ளபடி:

"வணக்கத்துக்குரிய சுவாமிக்கு. இந்தப் பெட்டை நங்கூரம் எண்ட பொடியனோட ரெண்டு வருசமாக் கதைச்சு, வாக்கும் குடுத்து, இப்ப எங்கயோ கிடந்த பொனவெந்தூர் எண்டவனைக் கட்டப் பாக்குது. ஒரே நேரத்தில ரெண்டு ஆம்பிளை. நங்கூரம் தங்கமான பொடியன். தாய்க்கு ஒரே பிள்ளை. அவன் கடலில பாஞ்சால் பாவம் ஆரில? இப்படிக்கு, மரிய பெலிசித்தா."

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சுவாமிக்கு வரேல்ல.

"ரெண்டு பேரும் ஒரு ஆள்தான் சுவாமி."

"கலியாண வீட்டுக்காரர் சொல்றதை நான் எடுக்க ஏலாது, பிள்ளை. ஒண்டில் எழுதினவ வந்து கடிதத்தைத் திருப்பி எடுக்கவேணும். இல்லாட்டி அந்த நங்கூரம் நேரில வந்து சொல்லவேணும்."

லேசான வேலை எண்டு நினைச்சு வந்தனான்.

பெப்ரவரி 22, வியாழன்

எழுதி எழுதி வெட்டுறன். கோவத்தில.

நங். வந்தவர். தாயையும் மூதூரில இருந்து குடாவைக் கடக்கிற லோஞ்சில ஏத்திக் கூட்டிக்கொண்டு. வெள்ளைச் சேட், தலை வெட்டி, எண்ணெய் வைச்சு. சுவாமி கேட்டார்: "நங்கூரம் எண்டது நீர்தானோ?"

தாய் மற்றக் கதிரையில. "ஆரது நங்கூரம்?" எண்டு மனிசி கேக்குது. இந்த மனிசன் என்னைப் பாத்தார், தாயைப் பாத்தார், சுவரில இருந்த சுரூபத்தைப் பாத்தார்.

"அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது, சுவாமி."

ஆண்டவரைத் தெரியாதெண்ட பேதுருவாவது சேவல் கூவினாப் பிறகு அழுதவர். இவர் வெளிய வந்து லோஞ்சுக்கு நேரம் போச்சுதெண்டு ஓடினார்.

சுவாமி கொப்பியை மூடிப்போட்டு: "மூண்டாம் அறிவித்தல் இப்போதைக்கு இல்லை."

பெப்ரவரி 23, வெள்ளி

கந்தோரில மூண்டு கோல் பிழையாக் குடுத்திட்டன்.

பின்னேரம் நங். வாசலில நிண்டார். "அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்து பெத்து, பெரிய சுவாமியைக் கொண்டு வைச்ச பேர், திக்கா. ஊர் முழுக்க நான் நங்கூரம். கோயிலில மட்டும்தான் நான் பொனவெந்தூர். அங்கயும் அது வந்தால் எனக்கெண்டு என்ன இருக்கு? காலியில ஒருத்தருக்கும் தெரியாது. அங்க போய்ப் புதுசா இருப்பம். நீராவது அந்தப் பேரைச் சொல்லாதேயும்."

"கலியாணமே இல்லாமல் காலிக்குத் தனியப் போய்ப் புதுசா இரும்" எண்டன். பிறகு அவர் நிண்ட நிலையைப் பாக்க மனம் கேக்கேல்ல. கோயிலுக்குள்ள ஒருநாளும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்தன். என்ர வாய்தான் எனக்கு எதிரி.

பெப்ரவரி 25, ஞாயிறு

வாசிக்கேல்ல. எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தினம். அப்பா பூசை முடியமுதலே எழும்பிப் போனார்.

பெப்ரவரி 28, புதன்

மரிய பெலிசித்தா தேடல். மூண்டு நாள் அலைஞ்சாச்சு.
1. ஒருத்தி செத்து ஆறு வருசம்.
2. ஒருத்தி கன்னியாஸ்திரி, மட்டக்களப்பில.
3. ஒருத்திக்கு வயசு மூண்டு மாசம்.

ஊரெல்லாம் நடக்கிற ஆள் எண்டு இடியப்ப மாமியிட்டயும் கேட்டன். "அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது பிள்ளை" எண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்தா. நங்.கும் இதே வசனத்தைத்தான் சொன்னவர். எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம் போல.

அப்பா லிங்கநகரில ஆரையோ பாக்கப் போனவராம். ஆரை எண்டு கேக்கப் பயமாக் கிடக்கு. ராத்திரி முழுக்க அழுதன். எழுத வெக்கம், ஆனால் அழுதன்.

மார்ச் 3, சனி

நல்ல காத்து. இண்டைக்கும் சம்பல் இல்லை.

பொறுமை போச்சு. படலையிலயே மறிச்சன். "மாமி, நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"எனக்கொண்டும் செய்யேல்ல. அந்த நங்கூரத்துக்குச் செய்தது காணாதோ? நான் மூதூருக்குப் போற நேரமெல்லாம் என்ர பெட்டியைத் தோளில தூக்கி லோஞ்சில ஏத்துற பிள்ளை அது."

"நங்கூரத்தைத்தானே மாமி நான் கட்டப் போறன்!"

"அப்ப அந்தப் பொனவெந்தூர்?"

"அவர்தான் இவர். ஞானஸ்நானப் பேர்."

மாமி பெட்டிக்கு மேலயே இருந்திட்டா. இருபது இடியப்பம் சப்பளிஞ்சு போச்சு.

"ஐயோ மாதாவே. அது நான்தான் பிள்ளை, மரிய பெலிசித்தா. என்ர மனிசன் செத்தாப் பிறகு ஒருத்தரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதைப் போட்டால் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது எண்டுதான் போட்டனான்."

திட்டத்தான் வாயைத் திறந்தன். ஏலாமல் போச்சு. ரெண்டு பேரும் அப்பிடியே பெட்டியோட சுவாமியிட்டப் போனம். கடிதத்தை வாங்கிக் கிழிச்சா. சுவாமி முதல் தரம் சிரிச்சார். மிஞ்சின இடியப்பத்தை அவர்தான் சாப்பிட்டார்.

மார்ச் 4, ஞாயிறு

மூண்டாம் அறிவித்தல் வாசிச்சாச்சு!! சுவாமி தடை பற்றிச் சொல்லேக்க மாமி எழும்பி நிண்டு "ஒண்டும் இல்லை சுவாமி" எண்டா. ஒருத்தரும் கேக்கேல்ல அவவிட்ட.

அப்பா லிங்கநகருக்குப் போனது கதிரை வாடகைக்கு எடுக்கவாம். என்னட்டச் சொன்னால் என்ன, வாய் தேஞ்சு போமோ?

நாளைக்கு: பொனவெந்தூர், பொனவெந்தூர், பொனவெந்தூர். கண்ணாடிக்கு முன்னால நாப்பது தரம் சொல்லிப் பாத்தாச்சு.

மார்ச் 5, திங்கள்

பின்னேரம் நாலு மணி. சீலை இன்னும் மாத்தேல்ல. மறக்கமுதல் எழுதவேணும்.

காலமை வீட்டுக்கு நூறு இடியப்பம், ரெண்டு வகைச் சம்பல். காசு வேண்டாமாம்.

கோயில் நிறைய ஆக்கள். யாட்டுக்காரர் எல்லாரும் பின் வாங்கில வரிசையாக் குந்தியிருந்தினம். போர்மன் "நாளைக்கு" கூட நேரத்துக்கு வந்திட்டார். தாய் முன் வாங்கில, சரிகைச் சீலையோட.

கலியாண வாக்கை அவர் முதல் சொன்னார். ஸ்கொலஸ்திக்கா எண்டதை ஒரு எழுத்துப் பிசகாமல். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. அதுதான் பிழைச்சது. என்ர முறை வந்துது.

"ஸ்கொலஸ்திக்கா ஆகிய நான், நங்கூரம் ஆகிய உம்மை..."

முதல் பின் வாங்கில இருந்து ஒரு சிரிப்பு, பிறகு எல்லாரும். தாய்: "ஆரடா அது நங்கூரம்?" நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். சத்தியத்தை முறிச்சாச்சு, அதுவும் பீடத்துக்கு முன்னால. எல்லாம் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன்.

சுவாமி: "பிள்ளை, பேரைச் சரியாச் சொல்லும்."

அப்பத்தான் அவர் என்ர கையைப் பிடிச்சார். தாயைத் திரும்பிப் பாத்தார். எல்லாருக்கும் கேக்கச் சொன்னார்: "இருக்கட்டும் சுவாமி. அதுவும் நான்தான்."

சுவாமி யோசிச்சுப்போட்டு என்னைக் கொண்டு பொனவெந்தூர், நங்கூரம் எண்டு ரெண்டு பேரையும் சேர்த்துச் சொல்லவைச்சார். சொன்னன். மாமியின்ர கடிதத்தில இருந்தது பொய்யில்லை, ரெண்டு ஆம்பிளையையும் கட்டியாச்சு.