முதற் கட்டுரையில் இல்லாத பெயர்

பதவி உயர்வுக்காகப் பல்கலைக்கழகம் கேட்ட வெளியீட்டுப் பட்டியலை இன்று காலை வெள்ளவத்தை வீட்டில் அச்செடுத்தேன். ஈரல் நோய், உடற்றொழிலியல் என்று ஏழு பக்கங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், என் முதற் கட்டுரையாக, நம்முடைய கட்டுரை. ‘நம்முடைய’ என்று எழுதவே கூசுகிறது. அதில் உங்கள் பெயர் இல்லை.

நீங்கள் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். நான் அப்போதுதான் ஆராய்ச்சிக்கு வந்தவன். குடிப்பவர்களின் ஈரலோடு ஒப்பிடுவதற்காக, குடிப்பழக்கமே இல்லாத மட்டக்குளி ஆடைத் தொழிற்சாலைப் பெண்களின் இரத்தத்தைச் சோதித்தோம். சிலருக்கு அளவுகள் தாறுமாறாக வந்தன. மெஷின் பிழை, விட்டுவிடுவோம் என்றேன்.

“மெஷினில பிழை இல்லை, டொக்டர். மூண்டு தரம் பார்த்தனான். இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையாவே ஈரல் சுகமில்லை. எறியாதேங்கோ.”

நீங்கள் சொன்னதுதான் அந்தக் கட்டுரை. எனக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அதுதான்.

பெயர்களை எழுதும்போது, ஆய்வை நடத்திய பேராசிரியர், “டெக்னீஷியன்மாரின்ட பேர் போடுற வழக்கம் இல்லையே” என்றார். நான் எதிரில்தான் இருந்தேன். என் பெயரையும் எடுத்துவிடுவாரோ என்று பயந்து வாய் திறக்கவில்லை. நீங்கள் ஒரே ஒரு தடவை, குழாய்களைக் கழுவியபடி, “என்ட பேரும் வருமா?” என்று கேட்டீர்கள். “பாப்பம்” என்றேன். அச்சாகி வந்ததும் கடைசி வரி வரை வாசித்தீர்கள். “வடிவா வந்திருக்கு” என்று மட்டும் சொன்னீர்கள்.

போன வருடம், நீங்கள் இறந்த முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். உங்கள் அம்மா அந்தக் கட்டுரையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். “மகள்ட பேர் இதில இருக்கோ, தம்பி? எனக்குக் கண் தெரியாது.” வீடு நிறைய ஆட்கள். நான் அவருடைய விரலைப் பிடித்துப் பேராசிரியரின் பெயரில் வைத்தேன். “இதில, அம்மா.”

இன்று பட்டியலில் கையெழுத்துப் போட முடியவில்லை. பஸ் ஏறி உங்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

“பேர் போடேல்லை எண்டு மகள் எனக்கு அப்பவே சொன்னவ,” என்றார் அம்மா. “நீங்கள் அண்டைக்குக் காட்டினவுடன, அவ ஏன் எனக்குப் பொய் சொன்னவ எண்டு யோசிச்சன். இந்த ஒரு வருஷமும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான்.”

திட்டவில்லை. தேத்தண்ணி தந்தார். குடித்தேன்.

வீடு திரும்பியதும், உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி அந்த ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். சேர்ப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பெற்ற தாய் உங்களைப் பொய்க்காரி என்று நினைத்திருந்த அந்த ஒரு வருடம் நான் செய்தது. அதை யாரிடமும் கொடுத்துத் திருத்த முடியாது. என்னிடமே இருக்கிறது.