தாத்தாவுக்குக் கறுப்புக் கண்ணாடி

ஏகாம்பரநாதர் துணை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
6-2-1974

அன்புள்ள உமாபதிக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, வடிவு, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு எப்படி என்று கேட்டால், இந்தக் கடிதம் முழுவதும் அதுதான். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல், நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. எழுத உட்காருவேன், கோபத்தோடு எழுதினால் பரோடா போய்ச் சேருகிறவரை அது கோபமாகவே இருக்குமே என்று மூடி வைத்துவிடுவேன். கோபம் இன்றைக்கும் தீரவில்லை, ஆனால் இனியும் தள்ளிப்போட்டால் காரியம் கெட்டுவிடும், அதனால் எழுதுகிறேன். வடிவுக்குப் போன வாரம் சளி பிடித்து இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, இப்போது சரியாகிவிட்டது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று நின்று எனக்குக் கால்தான் வலிக்கிறது. அங்கே குளிர் விட்டதா? தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்கிறாயா? பாடத்துக்காகக் களிமண்ணில் கையை ஊறவைத்துவிட்டு அப்படியே சாப்பிட உட்காராதே, நகத்துக்குள் இருக்கிற மண் வயிற்றுக்குத்தான் போகும்.

நீ எழுதியதற்கு வருகிறேன். நம் நெசவாளர் சங்கத்து வாசலில், அதை ஆரம்பித்த உன் தாத்தாவுக்குச் சிலை வைக்கத் தீர்மானம் போட்ட அன்றைக்கு, உன் அப்பா கூட்டத்தில் எழுந்து, என் மகன் சிற்பந்தான் படிக்கிறான், அவனே செய்து தருவான் என்று சொல்லிவிட்டார். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான், நான் அன்றைக்கே அவரிடம் சொன்னேன். ஆனால் அதற்கு நீ எழுதிய பதில் என்ன? முச்சந்தியில் நிற்கிற சிமெண்டுப் பொம்மைகளைச் செய்வதற்காக நான் இங்கே படிக்கவில்லை, அப்பா ஒரு நாள் நம் பக்கத்து ஊர்களில் இருக்கிற சிலைகளையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும், பார்த்தால் அவருக்கே சிரிப்பு வரும், நான் ஏன் மாட்டேன் என்கிறேன் என்பதும் புரியும் என்று எழுதினாய். அதையும் அவர் பேருக்கு எழுதவில்லை, என் பேருக்கு எழுதினாய். அவரும் உன்னிடம் கேட்க வேண்டியதை என்னிடந்தான் கேட்கிறார். நடுவில் நான் தறியில் நாடா ஓடுகிற மாதிரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அந்த வரியை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர், சரி, அவன் சொல்றபடியே போயி பாத்துட்டு வந்துடலாம், நீயும் பொறப்படு என்றார். நான் எதற்கு என்றதற்கு, நான் ஒண்டியாப் பாத்தா எனக்கு ரசனை இல்லைன்னுவான், பி.ஏ. படிச்சவ நீ பாத்தா ஒத்துக்குவான் இல்ல என்றார். இப்படித்தான் போன ஞாயிற்றுக்கிழமை வடிவைப் பக்கத்து வீட்டு மணியம்மாளிடம் விட்டுவிட்டு, தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டோம்; கோயில் குளத்துக்குப் போகாமல் சிலை பார்க்கப் போன முதல் தம்பதி நாங்களாகத்தான் இருப்போம்.

வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு கூட்டு ரோட்டில் இறங்கினோம். அங்கே ஒரு தலைவர் சிலை. எந்தத் தலைவர் என்று எழுதவில்லை, உன் விடுதியில் நம் பக்கத்துப் பையன் யாராவது இருந்தால் வம்பு. நீட்டிய கை எப்போதோ உடைந்து, வேறு ஒருவர் வந்து வேறு கை ஒட்டியிருக்கிறார். அந்தக் கை முழங்கால்வரை வரும் போலிருந்தது, விரல் நேராக ஒரு டீக்கடையைக் காட்டிக்கொண்டிருந்தது. கடைக்குப் பேரே கைகாட்டி டீக்கடையாம். கடைக்காரர் எங்களைப் பார்த்து, வாங்கம்மா, தலைவரே நம்ம கடைக்குத்தான் வழி காட்டிக்கினு கீறாரு, அப்பறம் என்னா யோசனை என்று கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அப்பா சிரிக்கவில்லை. டீ குடிக்கவும் இல்லை. சிரிச்சியா, அவன் செயிச்சிட்டான் போ என்றார். அதற்குப் பிறகு நாள் முழுக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டே நடக்க வேண்டியதாயிற்று.

அங்கிருந்து திருமுக்கூடல் போகிற வழியில் இன்னோர் ஊர். ஒரு மிராசுதாரருக்குச் சிலை செய்து, திறந்து வைக்கப் பெரிய மனிதர் யாரும் தேதி கொடுக்காததால் கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார்கள். வருஷக்கணக்கில் அப்படியே நிற்கிறது. இப்போது பெண்கள் அந்தச் சாக்குக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வளையல் மாட்டி, விளக்கும் ஏற்றுகிறார்கள். உள்ளே இருப்பது மீசை வைத்த ஆள் என்று நான் ஒரு பெண்ணிடம் சொன்னதற்கு, அது உள்ள இருக்கறவரு கதைம்மா, சாக்கு எங்களுக்கு மூணு பிரசவம் பாத்துக் குடுத்திருக்குது என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். உன் அப்பா கையிலிருந்த மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, போலாம் வா என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. சோற்று மூட்டை என்னிடம் இருந்தது.

உச்சி வெயிலில் உத்திரமேரூர்ப் பக்கம் வந்து சேர்ந்தோம். ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு வாத்தியார் சிலையைப் பார்த்ததும் உன் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. உட்கார்ந்த சிலை, மடியில் புத்தகம், கறுப்புக் கண்ணாடி போட்டு அமைதியாக இருந்தார். பாத்தியா, இது எப்படி இருக்குது, இதையும் எழுது அவனுக்கு என்றார். எழுதிவிட்டேன். அதைச் செய்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு, வீரபாகு என்பவருடைய கொட்டகைக்குப் போனோம். அங்கே போனபிறகுதான் எனக்கு விளங்கியது. இவர் சுற்றிப் பார்க்க வரவில்லை. நீ செய்ய மாட்டாய் என்று தெரிந்துகொண்டு, வேறு ஆளிடம் பேசி முடிக்க வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயும் அவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே அச்சு.

கொட்டகையில் தலை இல்லாத உடம்புகள் வரிசையாக நின்றன. நிற்கிற உடம்பு, உட்கார்ந்த உடம்பு, துண்டு போட்டது, போடாதது. உடம்பு எல்லாருக்கும் ஒண்ணுதாங்க, தலைதான் அவங்கவங்களுக்கு, போட்டோ குடுங்க என்றார் வீரபாகு. அப்போதுதான் உன் அப்பா மஞ்சள் பையைத் திறந்து படத்தை எடுத்தார். எந்தப் படம் என்று உனக்குத் தெரியும். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று உயிரோடு இருந்தவரை படப்பெட்டி முன்னால் உட்காரவே மாட்டேன் என்றவர் உன் தாத்தா. கடைசியில் நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, நெற்றியில் காசு ஒட்டி, தாடையைச் சேர்த்துத் துணி கட்டி, சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று எடுத்த அந்த ஒரு படந்தான் இருக்கிறது. வீரபாகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உயிரோட எடுத்தது இல்லீங்களா என்று மெதுவாகத்தான் கேட்டார். இல்லை என்றதும், பரவால்ல, கண்ணு எப்படி இருக்கும், பெருசா, சின்னதா, உள்வாங்கினாப்பல இருக்குமா, சொல்லுங்க, நான் புடிச்சிக்கறேன் என்றார்.

உமாபதி, இந்த இடத்தில்தான் நாங்கள் இருவரும் மாட்டிக்கொண்டோம். உன் அப்பா தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். எடது காதுகிட்ட ஒரு மரு இருக்கும், எடது புருவத்துல ஒரு வெட்டு என்றார். வலது பக்கம் என்று அவர் கேட்டதற்கு, இவர் இடது பக்கத்தையே மறுபடியும் சொன்னார். சின்ன வயதிலிருந்து தாத்தாவின் இடது பக்கத்தில் உட்கார்ந்து தறியில் சேலைக் கரைக்கு நாடா தள்ளிக் கரை வாங்கியவர், நிமிர்ந்து அப்பன் முகத்தைப் பார்த்தால் அறைதான் விழும் என்று வளர்ந்தவர், அவருக்குத் தெரிந்தது பாதி முகம். என் பக்கம் திரும்பினார். நான் என்ன சொல்வேன்? பட்டணத்துக் கல்லூரியில் மேடை ஏறி இங்கிலீஷில் வாதம் செய்தவள்தான், ஆனால் இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் மாமா கூடத்துக்கு வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன், அதுதான் மரியாதை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய குதிகால் வெடிப்பு எனக்குத் தெரியும். இருமலை வைத்தே இன்றைக்கு ரசம் போதும் என்கிறாரா, மோர் வேண்டுமா என்று சொல்லிவிடுவேன். கண் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. உன் அப்பாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இத்தினி வருசம் சோறு போட்டியே, அவரு மூஞ்சிய ஒரு தரம் பாக்கலியா என்றார். நீங்க அவரு பெத்த புள்ளதானே, நீங்க எங்க பாத்துக்கினு இருந்தீங்க என்று நானும் கேட்டுவிட்டேன். வேற்று மனிதர் முன்னால் இவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. வீரபாகு பீடியை அணைத்துவிட்டு, ஏன் சண்டை, கண்ணக் கடைசியாத்தான் தெறப்போம், டைம் இருக்குது, அப்படியும் வரலைன்னா கறுப்புக் கண்ணாடி போட்டுடலாம், அந்த வாத்தியாருக்குக்கூட அப்படித்தான் போட்டது, அவரு கண்ணாடியே போட்டதில்ல, இப்ப யாரு கேக்கறாங்க என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அப்பா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயிர்ச்சோறு அப்படியே இருந்தது, புளித்துவிட்டது. ஊர் நெருங்கும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு, உமாபதிதான் அவரு மடியில ஏறி ஒக்காந்துக்கினு, தறியப் பாக்காத, என்னப் பாருன்னு ரெண்டு கையாலயும் மூஞ்சியப் புடிச்சித் திருப்புவான், அவன் ஒருத்தனுக்குத்தான் அந்தத் தைரியம் என்றார். அப்புறம், இத எழுதித் தொலைக்காத என்றார். எழுதுகிறேன். அவர் சொன்னதை விட்டுவிட்டு எழுதுவது, நீ எழுதியதை விட்டுவிட்டுப் படிப்பது, இரண்டும் எனக்குச் சரியாக வராது.

நேற்றுக் காலையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு ஒரு கையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு தன் கண்ணைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். வடிவைக் கூப்பிட்டு, நான் யார் மாதிரிம்மா இருக்கேன் என்று கேட்டார். அவளுக்குத் தாத்தாவை எங்கே ஞாபகம், அவர் போனபோது கைக்குழந்தை. அண்ணன் மாதிரி இருக்கீங்கப்பா என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார், வெகு நேரம் வரவில்லை.

சிமெண்டுப் பொம்மை என்று நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. நானும் பார்த்தேன், எல்லாம் பொம்மைதான், சிரிக்கத்தான் தோன்றியது. உன் வாத்தியார்கள் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு எனக்குக் கலை தெரியாது. நான் கேட்பது சிலையே அல்ல. உடம்பை வீரபாகு செய்யட்டும், கையை எந்த நீளத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டட்டும். அந்த முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தவன் இந்த வீட்டில் நீ ஒருவன்தான். வைகாசியில் திறப்பது என்று சங்கத்தில் முடிவாகியிருக்கிறது, உனக்கு அதற்குள் லீவு வந்துவிடும். வந்து கண்ணை மட்டும் திறந்துவிட்டுப் போ. வர மனசில்லை என்றால் கறுப்புக் கண்ணாடி போட்டுத் தாத்தா சங்கத்து வாசலில் நிற்பார், அவரைத் தாண்டித்தான் உன் அப்பா தினமும் தறிக்குப் பாவு நூல் வாங்கப் போக வேண்டும். அதைப் பார்த்துச் சிரிக்கவாவது நீ ஒரு நாள் வரத்தானே போகிறாய், அப்போது உன்னோடு சேர்ந்து சிரிக்க என்னால் முடியாது.

பருப்புப் பொடியும் வேப்பிலைக்கட்டியும் இடித்து வைத்திருக்கிறேன், உன் பக்கம் வருகிற ஆள் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். தலையணைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு தூங்கு. கண் விழித்துப் படிக்கிறேன் என்று வெறும் டீயாகக் குடிக்காதே. காமாட்சி உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள், நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தந்து உன்னைக் காப்பாற்றுவாள். இதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஒரு இன்லண்டு வாங்கி, அப்பா பேரை மேலே எழுதி, அன்புள்ள அப்பாவுக்கு என்று ஆரம்பித்து எழுது. வருவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம், தாத்தாவின் கண் எப்படி இருந்தது என்று மட்டும் அவருக்கு எழுது. நான் பிரித்துப் படிக்க மாட்டேன்.

உன் அம்மா,
பெரியநாயகி