சோதிக்காமல் கடலில் இறக்கிய பிள்ளை

கௌசலாவின் அப்பாவுக்கு,

இடியப்பமும் சொதியும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன். நான் மூதூர் போகிற லோஞ்சுப் படகில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். பின்னேரம் வந்துவிடுவேன்.

பத்து மணிக்குப் பாக்கியரத்தினம் மாஸ்டர் வருவார். இந்த வருஷ விடுமுறை முகாமிலும் பிள்ளைகளின் நீச்சலை நீங்கள்தான் சோதிக்க வேண்டுமாம். ஏலாது என்று சொல்லி அனுப்பாதேயுங்கோ.

போன வருஷம் நாற்பது பிள்ளைகளைக் கடலில் கட்டிய மிதவை வரை நீந்தவைத்துப் பார்த்தீர்கள். ஏலாதவர்களுக்கு மிதக்கிற லைஃப் ஜக்கெற் கட்டிவிட்டீர்கள். "என்ர பிள்ளைக்குச் சோதனை தேவையில்லை" என்று கௌசலாவை மட்டும் ஜக்கெற் இல்லாமல் சும்மா இறக்கினீர்கள். பிறகு மூச்சில்லாமல் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷமாக உங்களைக் கொன்றுகொண்டிருக்கிறேன்.

வீட்டுக் கதவுத் திறப்பு அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

வாசல் படலை வரை போய்த் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. போன வருஷ முகாமுக்கு முதல்நாள் கௌசலா என்னிடம் வந்தாள். "அம்மா, மிதவை வரைக்கும் என்னால நீந்த ஏலாது. எனக்கும் ஜக்கெற் வேணுமெண்டு அப்பாட்டச் சொல்லுங்கோ" என்றாள்.

"அப்பாவுக்கு வெட்கமாப் போகும், பேசாம இரு" என்று சொன்னது நான்தான்.

அவள் பேசாமல் இருந்தாள்.